எக்ஸ்ரேம்மா செய்த மேசை

என் மனைவி ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வு பெற்றாள். சனியும் ஞாயிறும் நன்றாகத் தூங்கினாள். திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு நான் கண் விழித்தபோது என் சட்டைகள் எல்லாம் அலமாரியிலிருந்து இறங்கிக் கட்டிலுக்கு வந்திருந்தன.

"இதுல எதெல்லாம் போடுறீங்க, எதெல்லாம் சும்மா வச்சிருக்கீங்க?" என்றாள்.

கைக்குக் கிடைத்த ஒரு சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்துக்கு நழுவினேன்.

நான் அவளுக்கு இரண்டு வருஷம் முன்பே ஓய்வு பெற்றவன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். ஜன்னலோர நாற்காலி, செய்தித்தாள், பதினோரு மணி டீ, மத்தியானத் தூக்கம் என்று வீட்டுக்குள்ளேயே எனக்கு ஒரு ரூட் போட்டு வைத்திருந்தேன். எதிரில் வண்டியே வராத ரூட். இப்போது அதில் குறுக்கே ஒரு ஆள்.

அவளோ ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவள். "மூச்ச இழுங்க... புடிங்க... விடுங்க" என்று முப்பத்தைந்து வருஷம் ஊரையே மூச்சுப் பிடிக்க வைத்தவள். எங்கள் அடுக்குமாடியில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேம்மா, நான் டிரைவர் சார். எக்ஸ்ரே கண் என்றால் சும்மாவா? மூன்றே வாரத்தில் வீட்டிலிருந்த ஒவ்வொரு இழுப்பறையின் உள்விவகாரமும் வெளியே வந்துவிட்டது. என் மூக்குக்கண்ணாடிக்கு நிரந்தரமாக ஓர் இடம் ஒதுக்கினாள். அங்கே இல்லாவிட்டால் விசாரணை.

நாலாவது வாரம் தாங்க முடியாமல், "உடம்புக்கு நல்லதும்மா, காலையில ஒரு மணி நேரம் நடந்துட்டு வாயேன்" என்று நைசாகப் பேசி அவளை வெளியே அனுப்பி வைத்தேன். வினையை நானே விலைக்கு வாங்கினேன் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் தெருமுனையில் ஒரு மரப்பட்டறை இருக்கிறது. அதை நடத்துகிறவருக்கு நாற்பது, நாற்பத்திரண்டு வயதிருக்கும். எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். இரண்டு வேலையாட்கள், மூன்று மெஷின், எப்போதும் நிறைய ஆர்டர். நாள் முழுக்க மெஷின் அலறும். ஆனால் மரமும் மரமும் சேருகிற மூட்டு என்று வந்துவிட்டால் மெஷினை நிறுத்திவிட்டு உளியைக் கையில் எடுப்பார். அந்த அமைதியில்தான் என் மனைவி முதல்முதலாக அங்கே நின்றிருக்கிறாள். அவர் இழைப்புளியை ஒரு பலகையின் மேல் வைத்துத் தள்ள, அதன் வாயிலிருந்து மெல்லிய சுருள் ஒன்று பலகையின் நீளத்துக்கு அறுபடாமல் எழுந்து வந்திருக்கிறது. நடைப்பயிற்சி அதோடு சரி. நாலு நாள் அங்கேயே நின்றுவிட்டு வந்தாள்.

ஐந்தாவது நாள் அவரே கேட்டுவிட்டார்.

"என்னம்மா வேணும்? தினமும் வந்து நிக்கிறீங்க."

"ஒண்ணும் வேணாம். அத ஒரு தடவ நான் தள்ளிப் பாக்கட்டுமா?"

கொடுத்தார். தள்ளினாள். இரண்டு அங்குலம் போய் முட்டிக்கொண்டு நின்றது. வேலையாட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் திரும்பினார்கள்.

"இத எனக்குக் கத்துக் குடுப்பீங்களா?"

"எனக்கே வேலை தலைக்கு மேல இருக்கும்மா. உங்களுக்கு என்ன வயசு?"

"அறுபது. நீங்களும் மரம்னா முத்தினதத்தானே தேடித் தேடி வாங்குறீங்க?"

மாஸ்டர் இழைப்புளியைக் கீழே வைத்தார். உள்ளே போய், முனை சிதைந்து துருப்பிடித்த ஓர் உளியை எடுத்து வந்து கொடுத்தார். "இதத் தீட்டிட்டு வாங்க. கையில இருக்கற முடிய மழிக்கணும், அவ்வளவு கூர். அப்புறம் பேசிக்கலாம்." ஆளைக் கழற்றிவிட அவர் கையாண்ட வழி அது. இதைப் பிற்பாடு அவரே என்னிடம் சொன்னார். அந்த உளியோடு இதுவரை ஆறேழு பேர் போயிருக்கிறார்களாம். உளி மட்டும் திரும்பி வருமாம், வேறு யார் கையிலாவது.

பதினாறு நாள். எங்கள் சமையலறைத் தொட்டி கறுத்துப் போனது. சாணைக்கல்லும் தண்ணீரும் உளியுமாக அவள் நின்ற இடத்தில் தரை வழுக்கியது. முதல் வாரம் தீட்டத் தீட்ட முனை உருண்டையானது. மறுபடி முதலிலிருந்து. ஒருநாள் உளியை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராக, எக்ஸ்ரே படத்தைப் பிடிக்கிற மாதிரி பிடித்துப் பார்த்தாள்.

"இங்க வாங்க. முனையில மெல்லிசா ஒரு வெளிச்சக் கோடு தெரியுதா?"

"தெரியுது."

"அது தெரிஞ்சா இன்னும் மொக்கைன்னு அர்த்தம். அந்த வெளிச்சம் காணாமப் போகணும்."

அன்றிலிருந்து அவளுக்கு வழி பிடிபட்டுவிட்டது. வெளிச்சத்தில் ஒன்றைப் பிடித்துப் பார்த்து, இருக்கிறதா இல்லையா என்று சொல்கிறதுதானே அவள் வேலையாக இருந்தது? பதினாறாவது நாள் நான் செய்தித்தாளில் மூழ்கியிருக்கும்போது முன்கையில் ஏதோ சில்லென்று பட்டது.

"அசையாதீங்க. மூச்சப் புடிங்க."

பிடித்தேன். விட்டபோது என் கையில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓர் இடம் குழந்தையின் கன்னம் போல வழவழவென்று இருந்தது. என்னைக் கேட்கவே இல்லை. உளியைத் துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு ஓடிவிட்டாள்.

மாஸ்டர் தன் கையில் ஒருமுறை வைத்துப் பார்த்தாராம். முடியை ஊதிவிட்டு, "சனிக்கிழம காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க" என்றாராம். அவ்வளவுதான் பேச்சு.

கல்யாணமாகிப் போன எங்கள் மகளின் அறை காலியாகக் கிடந்தது. அங்கே மாஸ்டரிடம் வாங்கிய ஒரு பழைய வேலைமேசை ஏறியது. குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வாசல்வரை வந்து, "மெஷின் சத்தம் மட்டும் வரக்கூடாது, எக்ஸ்ரேம்மா. வந்தா நான் மனுஷனாவே இருக்க மாட்டேன்" என்று எச்சரித்துவிட்டுப் போனார். அவளிடம் மெஷின் ஏது? வாள், உளி, இழைப்புளி, மூலை நேராக இருக்கிறதா என்று பார்க்கிற மூலைமட்டம், தட்டுவதற்கு மரச்சுத்தியலாக ஒரு கொட்டாப்புளி. எல்லாமே கையால் ஓடுகிறவை. ஆனால் சுருளும் தூளும் கதவிடுக்கு வழியாக வீட்டுக்குள் கசிந்துகொண்டே இருந்தன. படுக்கையில் சுருள், என் பனியனுக்குள் சுருள், ஒருநாள் டீயில் சுருள்.

முதல் இரண்டு மாதம் அவள் அறுத்ததெல்லாம் இடப்பக்கமாகவே சாய்ந்தது. நேர்க்கோடு போட்டு வைத்திருப்பாள். வாள் பாதி வழி ஒழுங்காகப் போகும், பிறகு தன் மாமியார் வீட்டுக்குப் போகிற மாதிரி ஒதுங்கிவிடும். நான் டிரைவர், வாய் சும்மா இருக்குமா? "வீல் அலைன்மென்ட் பாக்கணும்" என்றேன். பதில் வரவில்லை. அன்றைக்கு டீயும் வரவில்லை.

ஐந்தாவது மாதத்தில் அவள் ஒரு ஸ்டூல் செய்தாள். நாலு கால், வட்டமான பலகை. பார்க்க நன்றாகத்தான் இருந்தது. கூடத்தில் நடுநாயகமாக வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் இரட்டைப் பேத்திகளும் வந்தார்கள். கூடவே சம்பந்திகளும்.

என் சம்பந்தி ஒரு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்தவர். ஹெச்.எம். என்றுதான் எல்லோரும் சொல்வோம். நல்ல மனுஷர். ஆனால் எதைப் பார்த்தாலும் சிவப்பு மையில் திருத்துகிற பழக்கம் இன்னும் போகவில்லை. உடம்பும் கொஞ்சம் கனம். ஸ்டூலைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார்.

"சம்பந்தியம்மா கைவேலையா? பரவாயில்லையே. உக்காந்து பாத்துத்தான் மார்க் போடணும்."

உட்கார்ந்தார். ஒரு நிமிஷம் ஒன்றும் ஆகவில்லை. அவர் ஏதோ சொல்லக் கையைத் தூக்கினார். 'சடக்' என்று ஒரு சத்தம். ஹெச்.எம். தரையில் இருந்தார். நாலு கால்களும் நாலு திசையில் கிடந்தன.

யாரும் சிரிக்கவில்லை. பேத்திகளைத் தவிர.

எலும்பு எதுவும் முறிந்திருக்கிறதா என்று பார்த்தாக வேண்டுமே. எங்கே போவது? அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கேதான் போனோம். எக்ஸ்ரே அறையில், இத்தனை வருஷம் அவளுக்குக் கீழே இருந்த பெண் இப்போது பொறுப்பில் இருந்தாள்.

"மேடம்! நீங்களா! என்னாச்சு சாருக்கு? எப்படி விழுந்தாரு?"

நான் சுவரைப் பார்த்தேன். மாப்பிள்ளை தரையைப் பார்த்தார். ஹெச்.எம். மட்டும் தெளிவாகச் சொன்னார்: "ஸ்டூல் உடஞ்சது. உங்க மேடம் செஞ்ச ஸ்டூல்."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. சதையில்தான் அடி. பழக்கதோஷத்தில் படத்தை நேராக என் மனைவியின் கையில் கொடுத்தார்கள். அவள் அதை விளக்குக்கு நேராகப் பிடித்து நீண்ட நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்த்தது ஹெச்.எம்மின் எலும்பை இல்லை என்று எனக்குத் தோன்றியது.

ஹெச்.எம். இரண்டு வாரம் காற்றடைத்த வளையத்தின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தபடி உறவுக்காரர் எல்லோருக்கும் போன் செய்தார். "சம்பந்தி வீட்டுக்குப் போனா நின்னுக்கிட்டே பேசிட்டு வந்துடணும்" என்பது குடும்பம் முழுக்கப் பரவிவிட்டது.

அவள் அந்த அறையைப் பூட்டினாள். ஒன்பது நாள் திறக்கவில்லை. என் சட்டைகளும் அப்படியே இருந்தன, மூக்குக்கண்ணாடியையும் யாரும் விசாரிக்கவில்லை. பதினோரு மணி டீ பத்தே முக்காலுக்கே வந்தது. என் பழைய ரூட் திரும்பக் கிடைத்த மாதிரிதான். ஆனால் எனக்கு அது பிடிக்கவில்லை. டீயை வைத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். ஒருநாள் திரும்பாமலேயே சொன்னாள்: "என் கைய நம்பி ஒருத்தர் உக்காந்தாருங்க. விழுந்துட்டாரு."

பத்தாவது நாள் நான் உடைந்த ஸ்டூலின் துண்டுகளை ஒரு சாக்கில் போட்டு அவள் கையில் கொடுத்தேன்.

"எடுத்துட்டுப் போய் மாஸ்டர்கிட்ட காட்டு."

"எதுக்கு, அவரும் சிரிக்கறதுக்கா?"

"உடஞ்சது எந்த இடம்னு பாக்காம அனுப்பற ஆளா நீ? முப்பத்தஞ்சு வருஷம் அதானே செஞ்ச?"

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பிறகு செருப்பை மாட்டினாள். நானும் கூடப் போனேன்.

மாஸ்டர் சிரிக்கவில்லை. ஒரு காலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலின் நுனியில் நாக்கு மாதிரி செதுக்கிய பகுதி முழுதாக இருந்தது. அது நுழைந்திருந்த துளையும் முழுதாகத்தான் இருந்தது. இரண்டுக்கும் நடுவே பசை மட்டும் காய்ந்து கண்ணாடி மாதிரி உதிர்ந்தது.

"துளை பெருசு, நாக்கு சிறுசு. நடுவுல இருந்த சந்துல பசைய ஊத்தி அடச்சிருக்கீங்க."

"ஆமா மாஸ்டர்."

"பசை இல்லாம சேத்துப் பாக்கணும். தானா நிக்குதா, அதான் மூட்டு. நிக்கலைன்னா அது வெறும் ஒட்டு."

அவள் அந்தக் காலை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "எனக்கு அப்பவே தெரியும் மாஸ்டர். சேக்கும்போது லொடலொடன்னு இருந்துச்சு. ஞாயித்துக்கிழமைக்குள்ள முடிக்கணும்னு அவசரப்பட்டேன்."

"தெரிஞ்சே செஞ்சா திருத்திக்கலாம்" என்றார் அவர். வாயில் பென்சிலை வைத்துக்கொண்டு தன் வேலைக்குத் திரும்பிவிட்டார்.

அன்று பட்டறையில் மிஞ்சிய துண்டுகளை அதே சாக்கில் அள்ளிக்கொண்டு வந்தோம். அதற்குப் பிறகு அவள் ஸ்டூலும் செய்யவில்லை, பெட்டியும் செய்யவில்லை. தினமும் ஒரே ஒரு மூட்டு. ஒரு துண்டில் துளை, இன்னொன்றில் நாக்கு. பசை கிடையாது. சேர்த்துத் தூக்கி உலுக்குவாள். விழுந்தால் வாளிக்குள் போகும். வாளி நிறைந்தது. கொண்டுபோய்க் கொட்டிவிட்டு வந்தாள், மறுபடி நிறைந்தது. கோடு போடப் பென்சிலை விட்டுவிட்டுக் கத்திமுனையால் கீறப் பழகினாள். கீறலின் மேலேயே உளி உட்கார்ந்துகொள்ளுமாம், பென்சில் கோட்டின் மேல் என்றால் அலையுமாம். வாளை இறுக்கிப் பிடிக்கிறதை விட்டாள். தளர்த்திப் பிடித்ததும் அது நேராகப் போகத் தொடங்கியது. இதை எனக்கு விளக்கியபோது, ஸ்டியரிங்கும் அப்படித்தான் என்று நான் சொன்னேன். முதல் தடவையாக என் தொழில் அறிவுக்கு அந்த அறையில் மரியாதை கிடைத்தது.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு மூட்டின் ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையை அவள் பிடித்துக்கொண்டாள்.

"இழுங்க."

"வரல."

"நல்லா இழுங்கன்னா!"

"வரலம்மா. இன்னும் இழுத்தா என் தோள்பட்டதான் வரும்."

அவள் சிரித்த சிரிப்பில் கீழ்வீட்டு நாய் குரைத்தது.

அந்தச் சமயத்தில் மகள் புது வீடு மாறியிருந்தாள். கூடம் பெரியது. ஆனால் சாப்பாட்டு மேசை நாலு பேருக்குத்தான். எட்டு பேரும் கூடுகிற நாளில் பாதிப் பேர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சோபாவில், மீதிப் பேர் இரண்டாவது ஷிஃப்ட்டில். ஒருநாள் அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மகள், பெரிய மேசை ஒன்று வாங்க வேண்டும் என்றாள்.

"நான் செஞ்சு தரேன்" என்றாள் என் மனைவி.

மாப்பிள்ளை தண்ணீர் குடித்தார். ஹெச்.எம். தொண்டையைச் செருமினார்.

"கடையிலயே வாங்கிடலாமே. சம்பந்தியம்மா எதுக்குச் சிரமப்படணும்? எனக்கும் இருக்கற எலும்பு கொஞ்சம் வேணும்."

"மூணு மாசம் குடுங்க சம்பந்தி. புடிக்கலைன்னா நீங்களே கடைக்குக் கூட்டிட்டுப் போங்க, நானும் வரேன்."

குரல் உயரவே இல்லை. எக்ஸ்ரே அறையில் பயந்துபோய் வருகிற நோயாளிகளிடம் பேசுகிற அதே குரல்.

எங்கேயோ இடித்த ஒரு பழைய கட்டிடத்தின் தேக்குக் கதவுகளை மாஸ்டர் ஏற்பாடு செய்து கொடுத்தார். சாம்பல் பூத்த, ஆணி குத்திய, பெயின்ட் உரிந்த பலகைகள். பார்த்தால் அடுப்புக்குக்கூட ஆகாது என்று தோன்றும். ஆணி பிடுங்குகிற வேலை எனக்கு. பிறகு அவள் இழைப்புளியை வைத்துத் தள்ளினாள். முதல் சுருள் கறுப்பாக வந்தது, இரண்டாவது பழுப்பு. மூன்றாவது தேன் நிறத்தில் பலகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அறுபடாமல் எழுந்தது. அவள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கீழே ரேகை ரேகையாக மரம் பளபளத்தது. நானும் எழுந்துபோய் அதைத் தடவிப் பார்த்தேன். அதற்கப்புறம் என்னால் ஜன்னலோர நாற்காலிக்குத் திரும்பிப் போக முடியவில்லை. பலகையைப் பிடித்துக்கொள்ள, தூளைப் பெருக்க, பிறகு உளி தீட்டவும் கற்றுக்கொண்டேன். இப்போது என் இரண்டு கையும் வழவழ.

எல்லாம் சுமுகமாகப் போய்விடவில்லை. நாலு நாள் விடாமல் மழை பெய்ததில் மேல்பலகையில் ஒன்று படகு மாதிரி வளைந்துவிட்டது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றை முதலிலிருந்து இழைத்தாள். ஒருநாள் உளி வழுக்கிக் கட்டைவிரலில் இரண்டு தையல். தையல் பிரிப்பதற்கு முன்பே அறைக்குள் போய்விட்டாள்.

மேசையின் அமைப்பு இதுதான். இரண்டு பக்கமும் அகலமான கால்சட்டம். இரண்டையும் இணைத்து நடுவே ஒரு நீளக்கட்டை. அந்தக் கட்டையின் நாக்கு ஒவ்வொரு சட்டத்தையும் துளைத்து வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். நீட்டிய நாக்கிலும் ஒரு துளை, அதில் ஒரு மர ஆப்பு. ஆப்பை அடிக்க அடிக்க எல்லாம் இறுகும். பலகைகளை ஒன்றோடொன்று கோத்துச் செய்த மேல்பலகை நாலு மரமுளைகளில் உட்காரும். ஏழடி நீளம், மூன்றடி அகலம். எங்கும் ஆணியோ பசையோ கிடையாது. கால்சட்டங்களும் நீளக்கட்டையும் முதல்முதலாகச் சேர்ந்து நின்ற நாளில், எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவளுக்குத்தான் வந்தது.

"ஏங்க, இது இந்த வாசல் வழியா வெளிய போகுமா? நடை வேற குறுகலா இருக்கு."

"பஸ்ஸையே முட்டுச்சந்துல திருப்பினவன்மா நான். இந்த மேசையத் திருப்ப மாட்டேனா?"

அவள் தூளைப் பெருக்கத் திரும்பினாள். இலேசாகச் சிரித்த மாதிரி இருந்தது.

குறித்த நாள் வந்தது. எல்லோரும் வந்தார்கள். கீழே மாப்பிள்ளை ஏற்பாடு செய்த சின்ன லாரி நின்றது. அறைக்கதவைத் திறந்ததும் மகள் "அம்மா!" என்றாள். ஓடிப் போய்ப் பலகையைத் தடவினாள். ஜன்னல் வெயில் மேசையின் மேல் நீளமாக விழுந்திருந்தது. ஹெச்.எம். சுற்றி வந்தார், விளிம்பில் விரலை ஓட்டினார், குனிந்து பார்த்தார். சிவப்பு மைக்கு இடம் கிடைக்கவில்லை.

"பாக்க நல்லாத்தான் இருக்கு" என்றார். "ஸ்டூலும் பாக்க நல்லாத்தான் இருந்துச்சு."

பிறகு நான் பொறுப்பேற்றேன். மாப்பிள்ளை முன்னால், லாரிக்காரர் பின்னால், நடுவே நான் கட்டளை. "ரைட்ல ஒடிங்க... வரட்டும், வரட்டும்... ஹோல்டான்!" மேசையைப் பக்கவாட்டில் சாய்த்துப் பார்த்தோம். பலகை வாசலைத் தாண்டியது, கால்சட்டம் கதவு நிலையில் மாட்டியது. தலைகீழாக்கினோம். கால் நடைச்சுவரில் இடித்தது. செங்குத்தாக நிறுத்தினோம், திரும்பவில்லை. ரிவர்ஸில் வந்தோம், வரவும் இல்லை போகவும் இல்லை. அரை மணி நேரத்தில் மேசை பாதி அறையிலும் பாதி நடையிலுமாக நின்றது. லாரிக்காரர் அறைக்குள் சிறைப்பட்டார். முட்டுச்சந்தில் பஸ் திருப்பிய என் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"ஒரு பக்கம் கால அறுத்துடலாமா, மாமா?" என்றார் மாப்பிள்ளை மெல்ல.

"ஜன்னல் கம்பிய வெட்டிக் கயிறு கட்டி இறக்கலாம்" என்றார் லாரிக்காரர் உள்ளேயிருந்து.

"எந்த ஜன்னலையும் யாரும் வெட்டக்கூடாது!" என்றபடி செயலாளர் மாடிப்படியில் ஏறி வந்தார்.

ஹெச்.எம். சுவரில் சாய்ந்து நின்று பாடம் எடுத்தார். "திட்டமிடல்னு ஒண்ணு இருக்கு. செய்யறதுக்கு முன்னாடியே வாசல அளந்து பாத்திருந்தா..."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அளந்து பார்க்காதது நான். பேர் கெடுவது அவளுக்கு.

அப்போதுதான் அவள் சமையலறையிலிருந்து டீத் தட்டோடு வந்தாள். தட்டைச் செயலாளர் கையில் கொடுத்தாள். நடையில் நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "முயற்சி எல்லாம் முடிஞ்சுதா?" என்றாள். அறைச் சுவரில் மாட்டியிருந்த கொட்டாப்புளியை எடுத்து இடுக்கு வழியாக நீட்டும்படி லாரிக்காரரிடம் கேட்டாள்.

"அம்மா, உடச்சிடாதம்மா!" என்று மகள் பதறினாள்.

"எல்லாரும் கொஞ்சம் விலகுங்க."

ஆப்பின் சின்ன முனையில் அடியிலிருந்து ஒரு தட்டு. டொக். ஆப்பு ஒரு விரல் எழும்பியது. இன்னொரு தட்டு, கையோடு வந்துவிட்டது. இடுக்கு வழியாக எட்டி மறுபக்கமும் அப்படியே. நாலு முளைகளைத் தட்டி எடுத்தாள். "மாப்பிள்ளை, பலகையத் தூக்குங்க." தூக்கினார். பலகை குறுக்குவாட்டில் நிமிர்ந்து வாசலைத் தாண்டிச் சமர்த்தாக நடைக்குத் திரும்பியது. ஒவ்வொரு சட்டத்தையும் அவள் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். நீளக்கட்டையிலிருந்து அது உருவிக்கொண்டு வந்தது. ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. மேசை நாலு துண்டாகச் சுவரில் சாய்ந்து நின்றது. இரண்டு ஆப்பும் நாலு முளையும் அவள் புடவை முந்தானையில் இருந்தன.

செயலாளர் டீத் தட்டைப் பிடித்தபடியே வாயைத் திறந்து நின்றார்.

நான் அவள் காதருகில் போய், "இது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"மூட்டு போட்ட அன்னிக்கே தெரியும்."

"அப்புறம் ஏன் அரை மணி நேரம் எங்களச் சாகடிச்ச?"

"நீங்கதான் பஸ்ஸ திருப்பறவராச்சே. உங்க ஆசைய ஏன் கெடுக்கணும்னு விட்டேன்."

மகள் வீட்டில் மேசையைச் சேர்க்க அவளுக்குப் பத்து நிமிஷம் ஆனது. இந்தத் தடவை யாரும் உதவிக்கு வரவில்லை. சுற்றி நின்று பார்த்தோம், அவ்வளவுதான். சட்டம் நிமிர்ந்தது, கட்டை நுழைந்தது, பலகை முளைகளில் உட்கார்ந்தது. ஓர் ஆப்பை அடித்து இறுக்கினாள். இன்னொன்றைத் துளையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"சம்பந்தி, கடைசி ஆப்ப நீங்க வைங்க."

"எனக்குத்தான் எல்லாரும் ஆப்பு வச்சுப் பழக்கம்" என்றார் ஹெச்.எம். ஆனாலும் கொட்டாப்புளியை வாங்கிக்கொண்டார். முதல் அடி மெதுவாக. இரண்டாவது பலமாக. மூன்றாவதில் சத்தம் மாறியது. டொக் டொக் என்று கேட்டுக்கொண்டிருந்தது 'ணங்' என்றது. "போதும், இறுகிடுச்சு" என்றாள் அவள்.

ஹெச்.எம். இரண்டு கையையும் பலகையில் ஊன்றி அழுத்தினார். ஆட்டினார். பக்கவாட்டில் தள்ளினார். மேசை அசையவில்லை, அவர் கால்தான் கொஞ்சம் வழுக்கியது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"என்னங்க பண்றீங்க!" என்றார் ஹெச்.எம்மின் மனைவி.

"என் சர்வீஸ்ல எத்தன பசங்கள பெஞ்சு மேல ஏறச் சொல்லியிருப்பேன்? இன்னிக்கு என் முறை."

ஏறிவிட்டார். அத்தனை கனத்தோடும் மேசையின் நட்டநடுவில் நின்று, குதிகாலை உயர்த்தி ஒரு குதி குதித்தார். ஒரு முனகல்கூட இல்லை. மறுபடி குதித்தார். பேத்திகள் கைதட்டத் தொடங்கினார்கள். மகளும் மாப்பிள்ளையும் சேர்ந்துகொண்டார்கள். பிறகு யார் தட்டினார்கள், யார் தட்டவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. என் கண்ணில் ஏதோ மரத்தூள்.

"நூத்துக்கு நூறு, சம்பந்தியம்மா" என்றார் ஹெச்.எம். மேலேயிருந்து. "நான் யாருக்கும் நூறு போட்டதில்ல. கணக்குலகூட."

என் மனைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மொதல்ல எறங்குங்க சம்பந்தி. சாப்பாடு வைக்கணும்."

எட்டு பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டோம். முதல் பத்து நிமிஷம் பேச்சு முழுக்க மேசையைப் பற்றி. அப்புறம் பேத்திகளின் பள்ளிக்கூடம், மாப்பிள்ளையின் மேலதிகாரி, யாரோ ஒரு சித்தப்பாவின் பிடிவாதம் என்று எங்கெங்கோ போய்விட்டது. தட்டுகள் கைமாறின, தண்ணீர் சிந்தியது, யாரும் அதைத் துடைக்கக்கூட இல்லை. அவள் இரண்டு முழங்கையையும் மேசையில் ஊன்றி, கன்னத்தில் கை வைத்துக்கொண்டு எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவளைப் பார்க்கிறேன். இப்படி ஒரு முகத்தை அன்றுதான் பார்த்தேன்.

சாயங்காலம் மாஸ்டர் வந்தார். அவள்தான் போன் செய்து வரச்சொல்லியிருந்தாள். யாரிடமும் பேசாமல் நேராக மேசைக்கு அடியில் போய் மல்லாந்து படுத்துக்கொண்டார். கால் மட்டும் வெளியே தெரிந்தது. அவர் அங்கே இருந்த அந்த ஐந்து நிமிஷமும் அவள் மூச்சு விட்டாளா என்பதே சந்தேகம். எழுந்து வந்து சட்டையைத் தட்டிக்கொண்டார்.

"லைப்ரரி ஆர்டர் ஒண்ணு வந்திருக்கு. பன்னெண்டு நாற்காலி. எல்லாம் கைமூட்டு. நான் ஆறு செய்யறேன்."

"மீதி ஆறு?"

"அதக் கேக்கத்தான் வந்தேன். திங்கக்கிழமையிலேருந்து வர முடியுமா? சம்பளம் பேசிக்கலாம்."

மகள் என் கையைப் பிடித்து அழுத்தினாள். என் மனைவி ஒரு கணம்கூட யோசிக்கவில்லை.

"எத்தன மணிக்கு வரணும் மாஸ்டர்?"

திங்கட்கிழமை காலை நான் எழுந்தபோது அவள் குளித்துத் தயாராக இருந்தாள். சாப்பாட்டு டப்பாவை எடுத்துக்கொண்டாள். உளிகளைத் துணியில் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டாள். டீத்தூள் தீர்ந்துவிட்டது, வாங்கி வைக்கச் சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனாள். நான் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கையசைத்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. வேலைக்குப் போகிறவளுக்கு அதற்கெல்லாம் ஏது நேரம்?